தட்டான்களின் பெயரும் கிராமப் பதிவேடும்

நெற்பயிரைக் கெடுக்கும் பூச்சிகளின் பெயர்களைக் குடியானவர்கள் நன்கு அறிவார்கள். குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப் புழு, புகையான், பச்சைத் தத்துப்பூச்சி, கதிர்நாவாய்ப் பூச்சி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்துச் சொல்லவும், அது தோன்றும் பருவத்தைக் கூறவும் வல்லவர்கள் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் ஆற்றுப் பாய்ச்சல் கிராமங்களில் அனேகர் உளர். ஆனால் அப்பூச்சிகளைப் பிடித்துத் தின்று, கூலி கேளாமல் வயலைக் காக்கும் தட்டான்களுக்கு ஊரில் வழங்குவன இரண்டே பெயர்கள். பெரியது தட்டான், மெலிந்தது ஊசித்தட்டான். பகைவனுக்குப் பல பெயர் வைத்தவர்கள் நண்பனுக்குப் பெயர் வைக்க மறந்தது விந்தையே.

உலகில் இவ்வினத்தைச் சேர்ந்த பூச்சிகள் ஏறக்குறைய 6,400 வகைகள் என்றும், அவற்றுள் ஏறத்தாழ 500 இந்தியாவில் உள்ளன என்றும் சாஸ்திரிகள் கணக்கிட்டிருக்கின்றனர். கணக்கு இன்னும் முடிந்தபாடில்லை. ஆண்டுதோறும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலிருந்து புதிய வகைகள் வெளிவந்துகொண்டே இருக்கின்றன. இச்செய்திகள் பத்திரிகைகளில் ஒரு மூலையில் வெளியாகி மறைகின்றன. குடியானவருக்கு இவற்றால் ஆவதென்ன என்று எவரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. கேட்கவும் சொல்லவும் வேண்டிய காலம் வந்துவிட்டது. அண்மையில் நடந்த ஒரு கண்டுபிடிப்பு அதற்கு நல்ல திருஷ்டாந்தமாகும்.

1922ஆம் ஆண்டில் எப். சி. பிரேஸர் என்னும் ராணுவ வைத்தியர், தென்னிந்திய மலைகளில் வாழும் கரிய ஊசித்தட்டான் ஒன்றை ஆராய்ந்து, அதற்கென ஒரு புதிய பேரினத்தையே வகுத்து, மெலனோநியூரா பைலினியேட்டா என்று பெயரிட்டார். நீண்டு மெலிந்த அதன் உடல் மூங்கில் கழி போன்றிருத்தலால் மூங்கில்வால் என்று அவ்வினத்தாரை அழைப்பதுண்டு. அப்பேரினத்தில் இவ்வொரு வகையே உண்டு என்பது 100 ஆண்டுகளாக எல்லோரும் கொண்டிருந்த முடிவு. திருவனந்தபுரம் ஜில்லாவில் மஞ்சாடிநின்னவிள என்னும் சிற்றூரில் அதே சாயலுள்ள பூச்சி கண்ணில் பட்டபோது, பழையதுதானே என்று விட்டுவிட்டிருந்தால் ஒருவரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். புணேயிலும் கேரளத்திலும் உள்ள ஆராய்ச்சியாளர்கள் அவ்வாறு விடவில்லை. கழுத்துப் பகுதியையும், ஆண் பூச்சியின் வால்நுனிப் பற்றுறுப்புக்களையும், இனப்பெருக்க உறுப்பையும் பூதக்கண்ணாடியில் பார்த்து, மரபணுவையும் ஒப்பிட்டு, இது வேறு என்று நிலைநாட்டினர். 2024ஆம் ஆண்டில் மெலனோநியூரா அகஸ்தியமலைக்கா என்னும் பெயருடன் அது உலகுக்கு அறிமுகமாயிற்று.

இதில் கிராமத்தார் கருதவேண்டுவது, அப்பூச்சி கிடைத்த இடம். பேப்பாறைச் சரணாலயத்திற்கு அருகே இருந்தும், அதன் எல்லைக்கு வெளியே, மனிதர் குடியிருக்கும் ஊரின் ஓடையில் அது காணப்பட்டது. வன இலாகாவின் வேலி அதனைக் காக்கவில்லை. ஓடைக்கரையில் மரத்தையும் செடியையும் விட்டுவைத்த ஊரார் காத்தார்கள் என்றே கொள்ளவேண்டும். நாளை ஒருவர் அவ்வோடைக்கரையைச் செதுக்கிச் சிமெண்டு பூசினால், பெயர் வைத்த மறுவருடமே அப்பூச்சிக்கு இழவு எழுதவேண்டி வரும்.

புதுப்பூச்சிக்குப் பெயரிடும் முறையை, நிலவரி ஆவணங்களோடு பழகிய கிராம அதிகாரிகள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஒரு நிலத்திற்கு ஸர்வே நம்பர் கொடுப்பதற்கு முன்னர் நான்கெல்லை அளந்து, கல் நட்டு, புலப்படம் வரைகிறார்கள். பின்னர் எவர் தகராறு செய்தாலும் கல்லைப் பார்த்தே தீர்ப்பாகிறது. பூச்சி சாஸ்திரத்தில் அக்கல்லுக்கு ஒப்பானது மூலமாதிரி என்னும் ஒற்றை உடல். புதிய வகையை விவரிப்பவர், தம்மிடமுள்ள பூச்சிகளுள் ஒன்றைத் தேர்ந்து, அதுவே இப்பெயருக்கு உரியது என்று அறிவித்து, பிடித்த ஊர், தேதி, பிடித்தவர் பெயர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதிக் குத்தி, பொதுக் காட்சிசாலையில் ஒப்படைக்கிறார். 50 ஆண்டு கழித்து ஐயம் எழுந்தால் அவ்வுடலை எடுத்துப் பார்க்கலாம். சீட்டில்லாத பூச்சி, பட்டாவில்லாத நிலத்தைப் போன்றது. எவ்வளவு அழகாயிருப்பினும் வழக்கில் நில்லாது.

அளக்கும் எல்லைகளும் சொல்லத்தக்கன. தட்டானின் ஒவ்வொரு சிறகிலும் முன்விளிம்பின் நடுவில் ஒரு கணுவும், நுனியருகே நிறம் தோய்ந்த ஒரு பொட்டும் உண்டு. கணுவுக்கு முன்னும் பின்னும் குறுக்கே ஓடும் நரம்புகள் எத்தனை, முக்கோண வடிவான கண்ணறை எந்தத் திசையில் நீண்டிருக்கிறது என்றெல்லாம் எண்ணுகிறார்கள். ஆயினும் முடிவான சாட்சி ஆண் பூச்சியின் உடலில் இருக்கிறது. இவ்வினத்தில் ஆணின் விந்து வாலின் ஒன்பதாம் கண்டத்தில் தோன்றினாலும், கூடுவதற்கு முன் அதனை வயிற்றின் இரண்டாம் கண்டத்தின் அடியிலுள்ள வேறோர் உறுப்பில் அது சேர்த்துவைத்துக்கொள்ளுகிறது. பின் வால்நுனிப் பற்றுறுப்பால் பெண்ணின் தலையையோ கழுத்தையோ கவ்விப் பிடிக்கிறது. வாய்க்கால் மேல் இரண்டு தட்டான்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கோத்துப் பறப்பதைச் சிறுவர்களும் கண்டிருப்பார்கள். பூட்டுக்கும் சாவிக்கும் உள்ள பொருத்தம் போல, ஓரினத்து ஆணின் பற்றுறுப்பு அவ்வினத்துப் பெண்ணுக்கே சரியாகப் பொருந்தும். ஆதலின் நிறமும் அளவும் ஒத்திருந்தாலும், சாவி வேறானால் இனம் வேறு என்று துணியலாம்.

நிறத்தை நம்பி மோசம் போனவர்கள் பலர். ட்ரூரி என்னும் ஆங்கிலேயர் 1773ஆம் ஆண்டில் பெயரிட்ட குரோக்கோதெமிஸ் ஸர்வீலியா என்னும் தட்டான் வயலோரங்களில் சாதாரணமானது. அதன் முதிர்ந்த ஆண் இரத்தச் சிவப்பு, பெண் மஞ்சள், இளம் ஆணும் மஞ்சளே. முன்பின் அறியாதவர் இவற்றை இரண்டு வகை என்று சத்தியம் செய்வார். வயல்களில் பயிருக்குள்ளேயே பறக்கும் அக்ரியோக்னெமிஸ் பிக்மியா என்னும் மிகச் சிறிய ஊசித்தட்டானில் இளம்பெண் சிவப்பாயிருந்து, வயது ஏற ஏறப் பச்சை சார்ந்த நிறம் பெறுகிறது. இறந்த பின்னோ நிறம் வெகு சீக்கிரம் மங்கிவிடும். அஸிடோன் என்னும் திரவத்தில் ஊறவைத்து உலர்த்தினாலன்றி, மஞ்சளும் பச்சையும் புகையேறிய பழுப்பாகிவிடுகின்றன. கடல் கடந்து வலசை போகும் பான்டலா பிளாவெஸென்ஸ் என்னும் தட்டானுக்கு 1798ஆம் ஆண்டிலேயே பெயர் வைத்தாயிற்று. இருந்தும் 1805ஆம் ஆண்டில் பிரஞ்சுக்காரர் ஒருவர் அதனையே புதிதென்று எண்ணி வேறு பெயர் சூட்டினார். ஒரு நிலத்திற்கு இரண்டு பட்டா கொடுத்த கதை. பிற்காலத்தார் ஒப்பிட்டுப் பார்த்துப் பிந்திய பெயரைத் தள்ளினார்கள். இக்காலத்தில் கைபேசியில் படம் எடுத்து உடனே புதிய இனம் என்று கூவுவோர் இதனை நினைவில் வைத்தல் நலம்.

பழந்தமிழும் இதில் உதவுமென்று எதிர்பார்த்தல் இயலாது. தும்பி என்ற சொல் இன்று பலவிடத்தும் தட்டானையே குறிக்கிறது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் வரும் தும்பியோ தேன் தேடும் வண்டினம். ஒரே சொல் காலத்துக்கொன்றும் ஊருக்கொன்றுமாய்ப் பொருள் மாறுகிறபோது, ஆராய்ச்சிக்கு லத்தீன் பெயரைப் பற்றிக்கொள்ளுதல் தவிர வேறு வழியில்லை. வாயில் நுழையாவிடினும் அது மாறாது.

அந்த லத்தீன் பெயர்களிலும் சோழநாட்டின் முத்திரை இருப்பதைத் திருச்சிராப்பள்ளியார் அறிந்தால் மகிழ்வர். தட்டான் குலம் முழுவதற்கும் ஓடொனாட்டா, அதாவது பல்லுடையன, என்று 1793ஆம் ஆண்டில் பெயர் வகுத்தவர் பப்ரீஷியஸ் என்னும் டேனிஷ் நாட்டுப் பண்டிதர். தரங்கம்பாடியில் அந்நாட்டார் கோட்டை கட்டி வாழ்ந்த காலம் அது. அங்கிருந்த உத்தியோகஸ்தர்களும் பாதிரிமார்களும் பிடித்தனுப்பிய பூச்சிகள் அவர் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தன. 1798ஆம் ஆண்டில் அவர் மஞ்சள் வாலுள்ள ஓர் ஊசித்தட்டானுக்குக் கோரமாண்டலியானம் என்று பெயரிட்டார். சோழமண்டலம் என்னும் சொல்லே ஐரோப்பியர் நாவில் கோரமாண்டல் ஆயிற்று என்பர். அதே ஆண்டில் இன்னொன்றுக்குக் கர்நாட்டிக்கா என்று பெயர் வைத்தார். முன்னது இன்றைக்கும் ஸ்ரீரங்கத்துத் தோட்டக் குட்டைகளிலும், வாழைக்கொல்லை வாய்க்கால்களின் கோரைப் புல்லிலும், வீட்டுக் கிணற்றடியிலும் தாழப் பறப்பது. சோழமண்டலத்தின் பெயரை வாலில் கட்டிக்கொண்டு திரியும் அப்பூச்சியை ஸ்ரீரங்கத்துச் சிறுவன் கல்லால் அடிக்கிறான். அதன் பெயரை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் எவருமில்லை.

அவ்வாறு அனுப்பப்பட்ட உடல்கள் கோபன்ஹேகன் முதலிய நகரங்களில் தங்கிவிட்டன. கோரமண்டலப் பூச்சி ஒன்றின் மூலமாதிரியைப் பார்க்க விரும்பும் தமிழ் மாணவன் கடல் தாண்டிச் செல்லவேண்டும். பின்னர்க் காரைக்காலை அடுத்த குரும்பகரத்தில் இருந்து பி. சூசை நாதன் என்பவர் ஆயுள் முழுதும் பூச்சி சேகரித்தார். அவர் சேகரித்தவற்றுள்ளும் பெருந்தொகை வெளிநாட்டுக் காட்சிசாலைகளையே சேர்ந்தது. காவிரி நாட்டில் பிறந்த பூச்சிகளுக்குக் காவிரி நாட்டில் ஒரு பெட்டி வைக்க இடமில்லாமற் போனது வருந்தத்தக்கதே. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் இதனை மாற்றிற்று. புதிய வகை எதனைக் கண்டுபிடித்தாலும் ஸர்க்கார் குறித்துள்ள களஞ்சியத்திற்கு அறிவித்து, மாதிரியை அங்கே ஒப்படைக்கவேண்டும் என்பது அச்சட்டத்தின் 39ஆம் பிரிவு. 1916ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய விலங்கியல் ஆய்வு இலாகா அத்தகைய களஞ்சியங்களுள் ஒன்று.

அச்சட்டமே கிராம அதிகாரிகளின் தலையிலும் ஒரு வேலையை வைத்திருக்கிறது. 41ஆம் பிரிவின்படி ஒவ்வொரு உள்ளூராட்சி மன்றமும் பல்வகைமை மேலாண்மைக் குழு அமைக்கவேண்டும். அக்குழு மக்கள் பதிவேடு ஒன்றை எழுதிவைக்கவேண்டும். பல ஆண்டுகள் இது ஏட்டளவில் கிடந்தது. 2020ஆம் வருஷம் ஜனவரி 31ஆம் தேதிக்குள் முடிக்காவிடில், மாநிலம் ஒவ்வொன்றும் மாதம் 10 லட்சம் ரூபாய் செலுத்தவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு, நாடெங்கும் பதிவேடுகள் விரைந்து எழுதப்பட்டன. விரைவில் எழுதிய கணக்கு எவ்வாறிருக்கும் என்பதைக் கர்ணம் வேலை பார்த்த குடும்பத்தாருக்குச் சொல்லவேண்டுவதில்லை. பூச்சிகள் என்ற தலைப்பின் கீழ்த் தட்டான் என்ற ஒரு சொல்லை எழுதி மூடிவிட்ட பதிவேடு, அடங்கலில் பயிர் என்று மட்டும் எழுதி, நெல்லா வாழையா என்று குறிக்காமல் விட்டதற்குச் சமானம்.

தானியக் களஞ்சியத்தை நிரப்பாத இவ்வேலைக்குக் குடியானவர் நேரம் செலவிடுவது தகுமா என்று மிராசுதாரர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. விடை வயலிலேயே உள்ளது. மேலே சொன்ன சிறு ஊசித்தட்டான் பயிரின் தூர்களுக்கிடையே புகுந்து தத்துப்பூச்சிகளையும் இலைச்சுருட்டுப் புழுவின் அந்துப்பூச்சிகளையும் பிடிக்கிறது. பெருந்தட்டான் பயிருக்கு மேலே பறந்து, குருத்துப்பூச்சியின் அந்துப்பூச்சியைப் பிடிக்கிறது. பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் நெல் விவசாயியின் நண்பர்களைப் பற்றி 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேட்டில் இச்சிறு பூச்சிக்கும் இடமளித்தனர். தட்டான் என்று ஒரே சொல்லால் குறித்தால், தூருக்குள் வேலை செய்பவன் எவன், மேலே வேலை செய்பவன் எவன் என்பது தெரியாது. ஒருவன் குறைந்து மற்றவன் பெருகினாலும் கணக்கில் ஏறாது. புகையான் மிகுந்த வருஷத்தில் எந்தத் தட்டான் குறைந்திருந்தது என்று பின்னோக்கிப் பார்க்கவும் முடியாது. வகை பிரித்தலின் லாபம் இதுவே.

மற்றொரு லாபம் நீரைப் பற்றியது. தட்டான் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நீருக்குள் சிறகில்லாத இளம்பருவத்திலேயே கழிக்கிறது. பின் புல்லிலோ நெல் தாளிலோ ஏறித் தோலை உரித்துப் பறக்கிறது. அவ்வுரிதோலை நாற்றங்கால் வரப்பில் கண்டிராத குடியானவர் இரார். இளம்பருவம் எத்தகைய நீரைப் பொறுக்கும் என்பது வகைதோறும் வேறுபடும். 1793ஆம் ஆண்டில் பப்ரீஷியஸ் கன்டாமினேட்டா, அதாவது அழுக்குற்றது, என்று பெயரிட்ட செம்மஞ்சள் சிறகுத் தட்டான் சாக்கடை கலந்த நீரிலும் பெருகும். எதைக் கருதி அவர் அப்பெயரை வைத்தாரோ, பெயர் பொருந்திவிட்டது. பேட்டைவாய்த்தலையில் காவிரியைப் பிரிந்து, திருச்சி நகரத்தின் நடுவே செல்லும் உய்யக்கொண்டான் வாய்க்காலில் நகரத்துக்கு மேலே எவ்வெவ் வகைகள், நகரத்துக்குக் கீழே எவ்வெவ் வகைகள் என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருஷம் முழுதும் எண்ணி எழுதினால், மேலே பல வகைகளும் கீழே கன்டாமினேட்டா ஒன்றுமே மிஞ்சி நிற்கின்றனவா என்பது புலப்பட்டுவிடும். நீர் கெட்டுவிட்டது என்று மனுக்கொடுக்கும் கீழ்மடைப் பாசனதாரருக்கு அக்கணக்கைக் காட்டிலும் நல்ல சாட்சியம் கிடைப்பது அரிது.

முக்கொம்பு முதல் கல்லணை வரையில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையேயுள்ள பூமி இவ்வேலைக்கு வெகு பொருத்தமானது. ஓடும் நீர், மணற்குட்டை, கோரை அடர்ந்த வாய்க்கால், நெல்வயல், வாழைத்தோட்டம், கோயிற்குளம் யாவும் சில மைல்களுக்குள் அடங்கியுள்ளன. கருங்கல்லின் நிறத்தோடு நிறமாய் மதிலில் ஒட்டியிருக்கும் பிராடினோபைகா ஜெமினேட்டா என்னும் தட்டானுக்கு மலைக்கோட்டைப் பாறையும் கிணற்றுச் சுவரும் ஏற்ற இருப்பிடங்கள். அதன் இளம்பருவம் கிணற்றிலும் பாறைக்குழியிலும் சிமெண்டுத் தொட்டியிலும் வளர்ந்து கொசுப்புழுவைத் தின்னும். ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் வன இலாகாவார் 2015ஆம் ஆண்டில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறந்தனர். ஜனங்கள் திரளாகப் போய்ப் பார்க்கின்றனர். பூச்சிக்காகப் பணம் செலவிடுதல் வீண் என்ற வாதம் அதனோடு தீர்ந்தது. அதே முயற்சியில் ஒரு பங்கு தட்டானுக்கும் கிடைத்தல் வேண்டும்.

இப்பூமியில் புதிய வகை கிடைக்குமா என்றால், மலை ஓடையில் கிடைப்பதைப்போல் எளிதில் கிடைக்காது என்று ஒப்புக்கொள்ளவேண்டும். சமவெளித் தட்டான்கள் தொலைதூரம் பறந்து பரவுவன. ஓரூருக்கென்று தனியினம் உண்டாவது அபூர்வம். பிரேஸர் 1933, 1934, 1936ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று பெரிய புத்தகங்களில் இவற்றுள் பெரும்பாலானவை அடங்கிவிட்டன. ஆனால் அந்தி மங்கிய பின்னரே பறக்கும் வகைகள் சில உண்டு. அவற்றை வலைவீசித் தேடுவோர் எங்கும் குறைவு. அன்றியும் பெயர் தெரிந்த வகை ஓரூரில் இருக்கிறது என்று தேதியோடு எழுதுவதும், 50 வருஷங்களுக்குப் பின் அது இல்லை என்று எழுத நேர்வதும், புதிய வகை காண்பதற்குக் குறைந்த காரியங்கள் அல்ல.

செய்யவேண்டுவன அதிகச் செலவுள்ளவை அல்ல. பதிவேட்டில் தட்டானுக்கெனத் தனிப் பக்கங்கள் ஒதுக்கி, வகையின் பெயர், கண்ட வாய்க்கால் அல்லது குளம், தேதி, ஆணா பெண்ணா என்பவற்றைக் குறித்து, பக்கவாட்டிலும் மேலிருந்தும் எடுத்த இரு புகைப்படங்களை ஒட்டிவைக்கலாம். பெயர் தெரியாவிடில் தெரியாதது என்றே எழுதவேண்டும். ஊகித்து எழுதிய பெயர் வெற்றிடத்தைவிடக் கெடுதி. சந்தேகமான பூச்சியைக் குவியலாகப் பிடித்துக் கொல்லாமல், முதலில் படத்தைத் தகுந்த ஆசிரியர்களுக்கு அனுப்பி, அவர்கள் கேட்டால் மட்டும் முறைப்படி அனுமதியோடு ஓர் ஆணைப் பிடித்து, ஊர், தேதி எழுதிய சீட்டுடன் சேர்ப்பித்தல் தகும். நாவலூர்க் குட்டப்பட்டிலுள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியார் குடியானவர் வந்து ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கபடி, இந்த ஜில்லாத் தட்டான்களின் பெட்டி ஒன்றைத் திறந்து வைப்பார்களானால், கடல் தாண்டிப் போன பூச்சிகளின் குறை சிறிதேனும் தீரும். பொதுவாகக் கல்லூரிப் பெட்டிகளில் பயிர்ப் பகைவர்க்கே முதலிடம் கிடைக்கிறது.

குடியானவர்கள் தம் பங்கிற்குக் கவனிக்கவேண்டுவது மருந்தும் கரையுமே. தேங்கிய நீரில் குருணை மருந்தைக் கண்டபடி தூவினால், புழு சாகுமுன் தட்டானின் இளம்பருவம் செத்துவிடும். வாய்க்கால் தூர் வாரும்போது இரு கரையையும் ஒரே நாளில் மழித்துவிடாமல், ஒரு பக்கத்துப் புல்லையும் கோரையையும் அவ்வருஷம் விட்டுவைத்து, மறுவருஷம் அப்பக்கத்தை வாரலாம். நீர் ஓட்டம் இதனால் தடைப்படாது. பொதுப்பணி இலாகாவின் ஒப்பந்தக்காரருக்கு இதனை எடுத்துச்சொல்லும் பொறுப்பு பாசன சங்கத்தாருடையது.

பதிவேடு தொடங்க ஐப்பசி மாதம் ஏற்றது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, மேலே சொன்ன பான்டலாத் தட்டான்கள் ஆயிரக்கணக்கில் வயல்களுக்கு மேல் கூட்டமாய் வரும். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று ஊரார் சொல்வது பெரும்பாலும் இதனைக் கண்டே இருக்கவேண்டும். சார்லஸ் ஆண்டர்ஸன் என்பவர் மாலத்தீவில் இருந்து பல வருஷங்கள் பார்த்து, இவை இந்தியாவிலிருந்து கடல் மேலாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்கின்றன என்று 2009ஆம் ஆண்டில் எழுதினார். மழைநீர் தேங்கிய சம்பா வயலில் முட்டையிட்டால், ஏறக்குறைய 40 முதல் 60 நாட்களுக்குள் அடுத்த தலைமுறை சிறகு முளைத்துக் கிளம்பிவிடும். கூட்டம் வந்த தேதி, காற்றின் திசை, மழை பெய்த நாள் ஆகிய மூன்றையும் மணச்சநல்லூர், லால்குடி, ஸ்ரீரங்கம் தாலூக்காக்களின் கிராமங்கள் ஒவ்வொன்றும் ஐந்து வருஷம் விடாமல் எழுதிவைத்தால், அந்த வழக்கு எவ்வளவு தூரம் மெய் என்பதைக் காவிரிக் கரையிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.